முந்திக்கொண்ட பாட்டில்

சித்தூரில் சர்ச்சுக்குப் பின்தெருவில் எந்த வீட்டில் குக்கர் விசில் விட்டாலும், உள்ளே வேகிறது பருப்பா கறியா என்று எப்சிபா சொல்லிவிடுவாள். கறி என்றால் வந்திருக்கிற விருந்தாளி யார் என்பதையும் கிழமையை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். அவளுடைய வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் லேப் அட்டெண்டராக இருந்து காலமானவர். அந்த உரிமையில் வைத்தியத்திலும் தனக்குப் பாதிப் பங்கு உண்டு என்பது அவள் எண்ணம். தெருவில் யாருக்கு எந்த ரிப்போர்ட் வந்தாலும், டாக்டரின் மேஜைக்குப் போகும் முன் எப்சிபாவின் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே ஒருமுறை போய்த்தான் வரும். அவர்கள் காட்டாவிட்டாலும் இவள் கேட்டு வாங்கிவிடுவாள்.

எதிர்வீடு தனராஜுடையது. ஆர்டிசி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்ச் பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையதுதான். மற்றவர்கள் எல்லாரும் ஸ்ருதி விட்டுப் போனாலும், அவர் குரல் பாட்டை விழாமல் தாங்கிக்கொண்டிருக்கும். சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கிட்னிகளையும் கேட்காமலே எடுத்துக்கொண்டது. டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். அதற்கு ரத்தத்தை எடுத்துத் திருப்பிவிட வழி வேண்டுமென்று இடது கையில் நரம்பைச் சேர்த்துத் தைத்தார்கள், அடைத்துக்கொண்டது. வலது கையில் தைத்தார்கள், அதுவும் அப்படியே. தொடைவழியாகப் போட்டுப் பார்த்ததில் கால் வீங்கிப் பானையாகிவிட்டது. கடைசியில் வலது கழுத்து நரம்புக்குள் ஒரு குழாயை விட்டு, அதன் வால் மார்பில் வெளியே தொங்குகிற மாதிரி வைத்தார்கள். வைத்த டாக்டர் அவர் மனைவி எலிசபெத்தைத் தனியே கூப்பிட்டு, இதற்கு மேல் உடம்பில் இடமில்லை, இதுதான் கடைசி வாசல், ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் கண்ணைப் போலப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

எலிசபெத் ஓய்வுபெற்ற டீச்சர். அவளுக்கு முட்டி வலி. மகன் கிளாட்வினுக்கு வரதய்யபாளையம் பக்கத்துக் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கல். ஆகவே கண்ணைப் போலப் பார்க்கிற வேலை மருமகள் ரேஷ்மாவின் தலையில் விழுந்தது. ரேஷ்மா நகரியில் பவர்லூம் வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். கிளாட்வின் விரும்பிக் கட்டிக்கொண்டவள். அவளுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை என்ன வசனம் என்பது தெரியாது. தெருவுக்கு அது போதுமானதாக இருந்தது. அவள் கோலம் போட்டாலும் பேச்சு, போடாவிட்டாலும் பேச்சு.

அந்தச் சனிக்கிழமை காலையில் எப்சிபா ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரை ஆய்வதற்குச் சமையலறையிலும் நல்ல வெளிச்சம் உண்டு. ஆனால் அங்கிருந்து பார்த்தால் எதிர்வீட்டுப் பக்கச் சந்து தெரியாது. சந்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தனராஜ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ரேஷ்மா மக்கில் தண்ணீர் மொண்டு அவர் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டும் அதன்மேல் துண்டும் இறுகக் கட்டியிருந்ததை எப்சிபா பார்த்தாள்தான். ஆனால் மறுநாள் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே அவள் சொன்ன கதையில், ஷீட்டும் துண்டும் எப்படியோ கழன்று விழுந்துவிட்டன. தண்ணீர் மட்டும் இருந்தது.

அன்று சாயங்காலம் ரேஷ்மா வாசலில் நின்று, மாமா நாலைந்து நாளாக வலது பக்கம் திரும்பிப் படுக்க மாட்டேன் என்கிறார், விலாவைப் பிடித்துக்கொள்கிறார் என்று கவலைப்பட்டாள். வாயு என்றாள் எலிசபெத். ஓமத்தண்ணி கொடு என்றாள் எப்சிபா. வைத்தியம் அத்துடன் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே தனராஜுக்கு நடுக்கம் கண்டது. கட்டில் கிடுகிடுவென்று ஆடியது. மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டித்தது. சித்தூர் சென்டரின் டாக்டர் உடனே பிளட் கல்ச்சர் எடுக்கச் சொன்னார். டெக்னீஷியன் தணிகைவேல் ஒரே நேரத்தில் இரண்டு பாட்டிலில் ரத்தம் பிடித்தான். ஒன்று கழுத்துக் குழாயிலிருந்து, ஒன்று கையிலிருந்து. கிருமியை வளர்த்துப் பார்க்கிற மெஷின் திருப்பதியில்தான் இருந்தது. தினமும் சாம்பிள் எடுத்துப்போகிற ஆள் அன்று அதற்குள் கிளம்பிப் போய்விட்டிருந்தான். எலிசபெத்தால் கணவனை விட்டு நகர முடியாது. ரேஷ்மா அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

எப்சிபா அங்கேதான் நின்றிருந்தாள். அவளுடைய அக்கா மகள் திருப்பதியில் பிள்ளை பெற்றிருந்தாள். அவளுக்கு மட்டன் பிரியாணி செய்து ஹாட் பேக்கில் அடைத்து, ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு கிளம்பியவள், போகிற வழியில் டயாலிசிஸ் சென்டரில் என்ன நிலவரம் என்று எட்டிப் பார்க்க வந்தாள். தான் எடுத்துப்போவதாகச் சொன்னாள். உதவி செய்வதில் அவளைக் குறை சொல்ல முடியாது. உதவி செய்துவிட்டு அவள் சும்மா இருப்பதில்லை என்பதுதான் குறை.

தணிகைவேல் பாட்டில்களை அவள் கையில் கொடுத்துத் தெளிவாகவே சொன்னான். "ஆயம்மா, கழுத்துது ஒண்ணு, கையிது ஒண்ணு. ரெண்டுல எது முன்னால வளருதுன்னு பார்த்துதான் அங்க முடிவு பண்ணுவாங்க. ஐஸ்ல வெக்காதீங்க, சூட்டுலயும் வெக்காதீங்க. ரெண்டையும் ஒண்ணா வெச்சிக்கினு நேரா போய் லேப்ல குடுத்துடுங்க."

"லேப்காரரு கூட முப்பது வருசம் குடும்பம் நடத்துனவ நானு," என்றாள் எப்சிபா. "எனக்கே சொல்றியா நைனா?"

பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அவளுக்குத் தணிகைவேல் மேல் இரக்கம் வந்துவிட்டது. சின்னப் பையன், தெரியாது. அவளுடைய வீட்டுக்காரர் பிளட் பேங்க் ரத்தத்தை ஐஸ் பெட்டியில்தான் தூக்கிக்கொண்டு போவார். ரத்தம் என்றால் ஐஸ். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கரும்பு ஜூஸ் கடையில் கொஞ்சம் ஐஸ் கேட்டு வாங்கி, கூடையிலிருந்த ஃப்ளாஸ்க்கில் போட்டாள். ஃப்ளாஸ்க்கில் ஒரு பாட்டிலுக்குத்தான் இடம் இருந்தது.

எந்தப் பாட்டிலுக்கு என்பதில் அவளுக்குக் குழப்பமே வரவில்லை. கை ரத்தம் நல்ல ரத்தம், அதைக் காப்பாற்ற வேண்டும். கழுத்து ரத்தம் எப்படியும் கெட்டது என்று முடிவாகிவிட்டது. முடிவு செய்தவளும் அவளேதான், ஞாயிற்றுக்கிழமை செருப்பு மாட்டும்போது. கெட்டுப்போனதற்கு ஐஸ் எதற்கு? கை பாட்டில் ஃப்ளாஸ்க்கில் இறங்கியது. கழுத்து பாட்டிலை, உருண்டு உடையாமல் இருக்க ஒரு துண்டில் சுற்றி, பிரியாணி ஹாட் பேக்குக்கும் கூடைக்கும் நடுவில் இறுக்கமாகச் செருகினாள். பிரியாணி அப்போதுதான் தம்மிலிருந்து இறக்கியது. கூடையைத் தொட்டாலே கைக்கு வெதுவெதுப்புத் தெரிந்தது.

நேராகப் போ என்று சொன்னால் நேராகப் போவதற்கு வழியில் பாகாலா இருக்கக் கூடாது. பாகாலாவில் ஒரு மாப்பிள்ளை வீடு இருந்தது. சொந்தக்காரப் பெண் ஒருத்திக்குப் பார்த்துக்கொண்டிருந்த இடம். மாப்பிள்ளையின் அண்ணன் முதல் மனைவியை விட்டுவிட்டான் என்று ஒரு பேச்சு காதில் விழுந்ததிலிருந்து எப்சிபாவுக்குச் சோறு இறங்கவில்லை. இறங்கி, பக்கத்து வீட்டில் ஒரு காபி, எதிர்வீட்டில் ஒரு காபி குடித்து, விட்டது உண்மைதான், ஆனால் விட்டது அவன் இல்லை, அவள்தான் என்று தெரிந்துகொண்டு மறுபடி பஸ் ஏறும்போது வெயில் சாய்ந்திருந்தது. இவ்வளவு நேரமும் கூடை அவள் மடியில் இருந்தது. திருப்பதியில் லேப் கவுண்டருக்கு வந்ததும் ஃப்ளாஸ்க்கிலிருந்த பாட்டிலை எடுத்து, முந்தானையால் ஈரம் துடைத்து, இரண்டையும் ஜோடியாக வைத்தாள். வாங்கியவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாள்.

அன்றிரவே தனராஜின் பிரஷர் விழுந்து, ஆம்புலன்ஸில் அவரையும் திருப்பதிக்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். மறுநாள் மதியம் எப்சிபா அக்கா மகள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, ஐ.சி.யு. வாசலில் எலிசபெத், ரேஷ்மா, ஷிஃப்டிலிருந்து ஓடிவந்த கிளாட்வின் மூன்று பேரும் டாக்டர் பிரீத்தியின் முன்னால் நின்றிருந்தார்கள். நீங்கள் யார் என்று டாக்டர் கேட்டதற்கு, கூடப் பிறந்தவள் மாதிரி என்று எப்சிபா பதில் சொல்லிவிட்டு நான்காவதாக நின்றுகொண்டாள்.

டாக்டர் பிரீத்தி தெலுங்குக்காரி. நிதானமாகத் தமிழ் பேசினாள். இரண்டு பாட்டில்களையும் மெஷினில் உடம்புச் சூட்டில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், உள்ளே கிருமி பெருகினால் காற்று உண்டாகும், உடனே மெஷின் கூப்பிடும் என்று விளக்கினாள். எந்த ரத்தத்தில் கிருமி அதிகமோ அந்தப் பாட்டில் முதலில் கூப்பிடும். கழுத்து பாட்டில் விடிவதற்கு வெகு முன்னாலேயே கூப்பிட்டுவிட்டது. கை பாட்டில் இப்போதுதான், மதியத்துக்கு மேல்.

"ரெண்டு மணி நேரம் முந்தினாலே குழாய்லதான் கிருமி தங்கியிருக்குன்னு எடுத்துக்குவோம்மா," என்றாள் டாக்டர். "இது அதைவிட ரொம்ப அதிகம். குழாய வெளிய எடுத்தாகணும். சாயங்காலம் எடுத்துடலாம்."

"அத எடுத்துட்டா டயாலிசிஸுக்கு எங்க போறதுங்க?" என்று எலிசபெத் கேட்டாள்.

 வேறு இடம் தேடிப் பார்க்க வேண்டும் என்றாள் டாக்டர். கிடைக்கும் என்று சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காமலே நாலு பேருக்கும் தெரிந்திருந்தது.

எலிசபெத் மெல்லத் திரும்பி மருமகளின் கைகளைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான் பார்த்தாள். தெருவில் ஓடிய கதை அவள் காதுக்கும் வந்திருந்தது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. ரேஷ்மா இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு சொட்டு படல அத்த," என்றாள். "கட்டித்தான் ஊத்துனேன்."

 கிளாட்வின் குழாயை எடுப்பதற்கான சம்மதக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்குப் பேனா தேடினான். எப்சிபாவுக்கு, உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு சின்ன நிறைவு வந்தது. சொன்னது பலித்துவிட்ட நிறைவு. கூடவே தனராஜின் அடிக்குரலும் நினைவுக்கு வந்து அந்த நிறைவை அமுக்கியது. இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன.

டாக்டர் போகத் திரும்பியவள் நின்றாள். பாட்டில்களில் ஒன்றின் லேபிள் நனைந்து ஊறியிருந்ததாக லேபிலிருந்து சொன்னார்கள், சித்தூரிலிருந்து யார் எடுத்துவந்தது என்று கேட்டாள்.

எப்சிபா முன்னால் வந்தாள். ஒரு வரியில் முடிகிற பதிலை ஒரு வரியில் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. பிள்ளை பெற்ற அக்கா மகளிலிருந்து ஆரம்பித்தாள். மட்டன் எங்கே வாங்கியது, தம் எவ்வளவு நேரம், தணிகைவேல் எவ்வளவு சின்னப் பையன், கரும்பு ஜூஸ்காரன் ஐஸுக்கு எப்படி முகம் சுளித்தான் என்று வந்து, பாகாலாவில் இறங்கி, முதல் காபிக்கும் இரண்டாவது காபிக்கும் நடுவில் அந்த மாப்பிள்ளை வீட்டு மருமகள் ஏன் போனாள் என்பது வரைக்கும் சொன்னாள். கிளாட்வின் பொறுமையிழந்து, ஆன்ட்டி, போதும் என்றான். டாக்டர் கையை உயர்த்தி அவனைத் தடுத்தாள். அவள் நேரமில்லாதவள்தான். ஆனால் ஐஸ் என்ற இடத்திலிருந்து அவளுடைய பார்வை எப்சிபாவின் வாயைவிட்டு நகரவில்லை.

"செப்பண்டி, சொல்லுங்கம்மா," என்றாள். "ஐஸ்ல வெச்சது எந்த பாட்டில்?"

"கைதும்மா. நல்ல ரத்தமாச்சே."

"கழுத்து பாட்டில்?"

"அது பத்திரமா இருந்துச்சு. ஹாட் பேக்கு பக்கத்துல வெச்சிருந்தேன்."

"ஹாட் பேக்ல சூடு இருந்துச்சா?"

"பின்ன? எங்க அக்கா பொண்ணு துன்னும்போது ஆவி பறந்துச்சே," என்றாள் எப்சிபா பெருமையாக.

டாக்டர் கிளாட்வினின் கையிலிருந்த காகிதத்தை வாங்கி மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "அம்மா, சூட்டுல கிருமி வேகமா பெருகும், ஐஸ்ல அடங்கிடும். ரெண்டு பேரு திருமலைக்கு நடந்து போறாங்கன்னு வெச்சுக்கங்க. கீழ அலிபிரியில ரெண்டு பேரும் ஒண்ணா படி ஏற ஆரம்பிச்சாத்தான் யாரு முதல்ல போனாங்கன்னு கேக்க முடியும். நீங்க ஒருத்தர பாதி மலை வரைக்கும் பஸ்ல ஏத்திவிட்டுட்டீங்க. இன்னொருத்தர கீழயே கட்டிப் போட்டுட்டீங்க. இப்ப யாரு முந்தினாருன்னு நான் எப்படி நம்பறது?"

சொல்லிவிட்டு அவள் போய் நர்சைக் கூப்பிட்டாள். வாசலில் நாலு பேரும் அப்படியே நின்றார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எப்சிபாவுக்குப் பதில் சொல்லத் தெரியும். கிளாட்வின் மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டான்: "பிரியாணி நல்லா இருந்துச்சா ஆன்ட்டி?"

புதிதாக ஒரு ஜோடி எடுத்தார்கள். ஒரே நேரத்தில், கழுத்திலிருந்து ஒன்று, கையிலிருந்து ஒன்று. மருந்து ஏற ஆரம்பித்துவிட்டதால் இந்த முறை இரண்டுமே வளராமலும் போகலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். குழாயை எடுப்பதை ஒரு நாள் தள்ளிப்போட்டாள். அதற்கு மேல் தள்ள முடியாது, குழாய்தான் காரணமென்றால் தள்ளுகிற ஒவ்வொரு வேளையும் அவருக்குக் கேடு என்றாள். நர்ஸ் பாட்டில்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனபோது ரேஷ்மா பின்னாலேயே போய், மெஷினுக்குள் அவை போகிறவரை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

எப்சிபாவை யாரும் இரு என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. அவள் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டாள். எதிரே திருமலையில் மொட்டை போட்டுவிட்டு வந்த ஒரு குடும்பம் தங்கள் நோயாளிக்காகக் காத்திருந்தது. மற்ற நாளாக இருந்தால் அவர்களுடைய ஊர், உறவு, வியாதி எல்லாம் இதற்குள் அவள் கைவசம் வந்திருக்கும். இன்று கேட்கத் தோன்றவில்லை. ஜெபம் பண்ணலாம் என்று கண்ணை மூடினாள். என்ன கேட்பது என்ற இடத்தில் இடறியது.

கழுத்து பாட்டில் மறுபடி முந்தினால், அவள் செய்த தப்பு ஒன்றுமில்லாமல் போகும். அவள் ஞாயிற்றுக்கிழமை சொன்னதும் நிஜமாகும். தனராஜின் கடைசி வாசல் மட்டும் அடைபடும். முந்தாவிட்டால் குழாய் நிலைக்கும், அவள் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. அந்த ஒரு கணத்தில், கண் மூடியிருந்தபோதே, முந்தட்டும் என்று அவள் மனசு நினைத்துவிட்டது. நினைத்ததும் கண்ணைத் திறந்துகொண்டாள். ஐ.சி.யு. கதவின் வட்டக் கண்ணாடி வழியாகத் தனராஜின் கால்விரல்கள் தெரிந்தன. பஸ்ஸின் ஃபுட்போர்டில் ஆயுசு முழுக்க நின்ற கால்கள். அதற்குப் பிறகு அவள் ஜெபத்துக்குக் கண் மூடவில்லை, திறந்த கண்ணோடுதான் கேட்டாள். அந்த ஒரு கணத்து ஆசையை அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. பின்தெருவில் அவள் வாயிலிருந்து வெளியே வராத செய்தி அது ஒன்றுதான்.

மறுநாள் காலையில் டாக்டர் பிரீத்தி அவர்களைத் தேடி வந்தாள். இரண்டு பாட்டிலும் கூப்பிட்டுவிட்டன. கிட்டத்தட்ட ஒரே நேரத்தில். கழுத்து பாட்டில் முந்தவில்லை. எலிசபெத் நாற்காலியின் கையைப் பிடித்தபடி, தோத்திரம் என்று வாய்க்குள் சொன்னாள்.

டாக்டரின் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. குழாய் காரணம் இல்லை என்பது நல்ல செய்தி, ஆனால் இவ்வளவு சீக்கிரம் வளர்ந்தது நல்ல செய்தி இல்லை என்றாள். கிருமி கொஞ்சமாக இருந்தால் பாட்டில் மெதுவாகக் கூப்பிடும். மருந்து ஏறியும் இவ்வளவு வேகமாகக் கூப்பிடுகிறது என்றால் ரத்தத்தில் கூட்டம் அதிகம். "குழாய் இல்லன்னா உள்ள வேற எங்கியோ ஊத்து மாதிரி வந்துட்டே இருக்கு. அதக் கண்டுபிடிக்கலன்னா மருந்து மட்டும் காப்பாத்தாது."

உள்ளே போய் தனராஜின் வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்தாள். வலது விலாவுக்குக் கீழே கை போனதும், இரண்டு நாளாக வாய் திறக்காத மனிதர் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார். கதவுக்கு வெளியே இருந்தவர்களுக்கும் அது கேட்டது. பாடகர் குழுவில் எல்லாரையும் தாங்குகிற அதே குரல்.

"அந்தப் பக்கமா படுக்க மாட்டேங்கறாருன்னு சொன்னனே," என்றாள் ரேஷ்மா, யாரையும் பார்க்காமல்.

ஸ்கேனில் ஈரலுக்குள் ஒரு சீழ்க்கட்டி தெரிந்தது. நல்ல பெரிய எலுமிச்சை அளவு. அங்கிருந்துதான் கிருமி விடாமல் ரத்தத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அன்று முற்பகலிலேயே ஸ்கேனில் பார்த்துக்கொண்டே ஊசி விட்டுச் சீழை இழுத்து, மீதி வடிவதற்கு விலாவில் ஒரு மெல்லிய டியூப் வைத்தார்கள். மதியம் கழுத்துக் குழாய் வழியாகவே டயாலிசிஸ் நடந்தது. மெஷின் சுற்றுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு எலிசபெத் வாசலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் ரேஷ்மா உட்கார்ந்தபடியே தூங்கிப் போயிருந்தாள். எலிசபெத் மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மன்னிப்பு என்று வாயால் கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

அத்துடன் எல்லாம் சரியாகிவிடவில்லை. காய்ச்சல் சட்டென்று இறங்கவில்லை. இரண்டு முறை அவர் போய்விடுவார் என்றே நினைத்தார்கள். சர்ச்சிலிருந்து போதகர் அய்யர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். ஒரு வழியாக அடுத்தடுத்து வைத்த கல்ச்சர் பாட்டில்கள் தாமதமாகக் கூப்பிட ஆரம்பித்தன. பிறகு ஒருநாள் கூப்பிடவே இல்லை. டாக்டர் பிரீத்தி முதல்முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான். எப்சிபா ஒவ்வொரு நாளும் வந்தாள். சாப்பாடு எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று எலிசபெத் சொல்லியிருந்ததால் வெறுங்கையோடு வந்தாள். வெறுங்கையோடு ஒருவர் வீட்டு வாசலிலோ ஆஸ்பத்திரி வாசலிலோ நிற்பது எப்படி என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது.

தனராஜ் வீடு திரும்பினார். உடம்பில் பாதி ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்ட மாதிரி இருந்தார். எப்சிபா தெருவில் வீடு வீடாகப் போய், குழாயில் ஒன்றும் இல்லை, தண்ணீரால் வந்ததும் இல்லை, அந்தப் பெண் ஷீட் கட்டித்தான் ஊற்றினாள், நானே பார்த்தேன் என்று சொன்னாள். இந்தக் கதைக்குக் கால் முளைக்கவில்லை. முதல் கதை ஓர் ஆராதனை முடிவதற்குள் தெருவைச் சுற்றி வந்தது. இதை ஒவ்வொரு வீட்டிலும் அவளே தூக்கிக்கொண்டு போய் இறக்கிவைக்க வேண்டியிருந்தது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு, அப்படியா, சரி, பாகாலா மாப்பிள்ளை வீட்டு விஷயம் என்ன ஆச்சு என்றார்கள். மூலைவீட்டு அம்மா ஒருத்தி, நீ அந்தக் குடும்பத்துக்கு வேண்டியவள், மூடி மறைத்துத்தான் பேசுவாய் என்று அவளிடமே சொன்னாள். எப்சிபா அந்த வீட்டுக்கு மட்டும் மூன்று முறை போனாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை. சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. தனராஜ் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். ரேஷ்மா ஒற்றை ஆளாய் ஒரு கையால் ஷீட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் மக்கை மொள்ள முயன்று கொண்டிருந்தாள். இளைத்துப்போன கழுத்தில் ஷீட் முன்போல் இறுகவில்லை, நழுவிக்கொண்டே இருந்தது. ஜன்னலோரம் எப்சிபா கீரையோடு இருந்தாள். பழக்கம் எங்கே போகும்? பார்க்காத மாதிரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆன்ட்டி," என்று ரேஷ்மாவின் குரல் வந்தது. கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "அங்கேர்ந்து பார்த்துக்கினு இருக்கறதுக்கு, இங்க வந்து புடிச்சீங்கன்னா இன்னும் நல்லா தெரியும்."

எப்சிபா கீரைத் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். தனராஜின் மார்பின்மேல் ஷீட்டை வைத்து, குழாய் இருந்த இடத்தைச் சுற்றித் தன் இரண்டு உள்ளங்கையாலும் அணை மாதிரி பிடித்தாள். துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் அடியில் அந்தக் குழாயும், அதற்கும் அடியில் அவருடைய நெஞ்சு அடித்துக்கொள்வதும் கைக்குத் தெரிந்தன. ரேஷ்மா முதல் மக்குத் தண்ணீரை மெதுவாகப் பின்மண்டையில் ஊற்றினாள். தண்ணீர் எப்சிபாவின் முழங்கை வழியாக ஓடிப் புடவையை நனைத்தது.

"யாரு புடிச்சிக்கினு கீறது?" என்று தனராஜ் குனிந்தபடியே கேட்டார். "எப்சியா?"

"ஆமாண்ணா."

"கை சில்லுனு கீதே," என்றார். "ஐஸ்ல வெச்சிருந்தியா?"

ரேஷ்மாவின் கை மக்கோடு நின்றது. எப்சிபா பிடியை விடவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. அது சிரிப்பா அழுகையா என்று அந்தச் சந்துக்கு எதிரே ஜன்னலில் யாராவது இருந்திருந்தால் பார்த்துச் சொல்லியிருப்பார்கள். ஜன்னலில் கீரைத் தட்டுதான் இருந்தது.